பிளாஸ்டிக் கழிவில் தரை ஓடு: மலையூரில் செய்து கட்டுப்படியாகுமா?

தேயிலைக்காடு (கோத்தகிரி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் சுய உதவிக் குழுவின் கணக்கு வழக்குகளை நான் பார்த்து வருகிறேன். எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தின் முன்னால் ஏறத்தாழ 500 சதுர அடி மண் தரை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது சேறாகிவிடுவதால் அங்கே பந்தி போடவும் முடிவதில்லை, முதியவர்கள் துணையில்லாமல் நடக்கவும் முடிவதில்லை. அதே கூடத்துக்குப் பின்னால் உள்ள ஓடைப் பள்ளத்தில் பிளாஸ்டிக் குவிந்து கிடக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தடை வந்தது என்பதும், 2019 ஆகஸ்ட் 15 முதல் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் பால் கவரும், மிக்சர் பொட்டலமும், உரச் சாக்கும், தேயிலை நாற்றுப் பையும் எங்கள் வீடுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும்தான் பள்ளத்துக்குப் போகின்றன. இதில் சுற்றுலா வருகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு தொல்லைகளையும் ஒன்றை வைத்து ஒன்றாகத் தீர்க்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தபோது, ஓடு அழுத்தும் இயந்திரம் விற்கும் ஒருவர் சமவெளியிலிருந்து மாதிரி ஓட்டுடனும் விலைப்பட்டியலுடனும் வந்தார். எந்தப் பிளாஸ்டிக்கையும் தரம் பிரிக்காமல் அப்படியே போடலாம், மணலோடு சேர்த்து உருக்கி அழுத்தினால் சிமெண்ட் கல்லைவிட வலுவாக இருக்கும் என்று உறுதி சொன்னார். அவர் விட்டுச் சென்ற ஓடு கருஞ்சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்புடன் இருக்கிறது. ஓரத்தில் உருகாத வெள்ளித்தாள் ஒன்று நகக்கண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை வாசலில் போட்டு வைத்தேன். மறுநாள் காலைப் பனியில் அதன்மேல் கால் வைத்த என் மாமியார் வழுக்கி விழாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு எனக்கு ஐயம் வந்துவிட்டது.

அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை, எங்கள் மழைக்கும் பனிக்கும் இந்த ஓடு தாங்குமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் கடன் வாங்குவதற்கு முன்பே தெளிவாகிவிடுவோம்.

காரமடைப் பட்டறை எழுதுகிறார்:

சகோதரி, நான் பதினாறு ஆண்டுகளாக சிமெண்ட் பேவர் பிளாக் போடுகிறேன். கடந்த நான்கு ஆண்டுகளாகப் பட்டறையின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் ஓடும் அழுத்துகிறேன். ஆகவே இந்தப் பொருளில் எனக்கும் ஆதாயம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைப் படியுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக்கையும் போடலாம் என்பது விற்பனைப் பேச்சு. பால் கவர், மெல்லிய பை போன்ற பாலிதீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸில் உருகிவிடும். ஷாம்பு டப்பா, எண்ணெய் கேன் போன்ற கெட்டிப் பாலிதீனுக்கு 130 பாகையும், உரச் சாக்கு, பக்கெட் வகையான பாலிபுரோப்பிலினுக்கு 165 பாகையும் வேண்டும். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் என்ற வகைக்கோ 250 பாகைக்கு மேல் தேவை. பிளாஸ்டிக்கை உருக்கித் திருகால் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் பொதுவாக 180 முதல் 200 பாகைக்குள் ஓடுவதால், முதல் மூன்றும் உருகி மணலைப் பிடித்துக்கொள்ளும். பாட்டில் துண்டு உருகாமல் உள்ளே கிடந்து, பிற்பாடு விரிசல் விடுகிற இடமாகும். காயலான் கடையில் நல்ல விலைக்குப் போகும் பாட்டிலை ஓட்டுக்குள் புதைப்பது வீண் செலவும்கூட. உங்கள் மாதிரி ஓட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளித்தாள், சிப்ஸ் பொட்டலத்தின் உலோகப் பூச்சுள்ள அடுக்காகத்தான் இருக்க வேண்டும். அவ்வகைப் பல அடுக்குத் தாளைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம், அதையே நம்பி ஓடு செய்ய முடியாது.

தண்ணீர்க் குழாய், மின்கம்பி உறை செய்யும் பி.வி.சி. என்ற வகை மட்டும் ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அது கண்ணையும் தொண்டையையும் எரிப்பதோடு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இயந்திரத்தின் திருகையும் அரிக்கும்.

கலவை எடையில் 30 பங்கு பிளாஸ்டிக், 70 பங்கு மணல் என்பது என் பட்டறைக் கணக்கு. ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அங்குல கனம் உள்ள ஓடு ஏறத்தாழ 3.8 கிலோ இருக்கும். அதில் பிளாஸ்டிக் 1.1 கிலோவுக்குச் சற்று மேல். உங்கள் 500 சதுர அடிக்கு உடைசலையும் சேர்த்து 600 கிலோ பிளாஸ்டிக் வேண்டும். இந்த 600 கிலோ என்பது கழுவி, உலர்த்தி, மண்ணும் ஈரமும் போன பின் நிற்கும் எடை. பள்ளத்திலிருந்து அள்ளுவதில் பாதிக்குப் பாதி சேறாகத்தான் இருக்கும்.

வலுவைப் பற்றி ஒரு சொல். விற்பவர்கள் காட்டும் சான்றிதழில் ஐ.எஸ். 15658 என்று எழுதியிருந்தால் கவனியுங்கள். அது சிமெண்ட் கான்கிரீட் பேவர் பிளாக்குக்கான தரக் குறியீடு. பிளாஸ்டிக் ஓட்டுக்கு எழுதப்பட்டதன்று. சிமெண்ட் கல் பாரம் தாங்காவிட்டால் நொறுங்கும், பிளாஸ்டிக் ஓடு நொறுங்காமல் மெல்ல அமுங்கி வளையும், எனவே அழுத்தச் சோதனையின் எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது. வண்டி நிற்கும் இடத்துக்கு நான் இதைக் கொடுப்பதில்லை. நடைபாதைக்கும் முற்றத்துக்கும் தாராளமாகப் போடலாம். பனிக்கு இது நல்லது என்றே சொல்வேன்; தண்ணீரைக் குடிக்காத ஓட்டில் உறைபனி புகுந்து பிளக்க வழியில்லை. வெயில்தான் பகை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடும் என்பதால் கோத்தகிரி உயரத்தில் அது சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பிளாஸ்டிக் எடையில் இரண்டு, மூன்று விழுக்காடு கார்பன் பிளாக் (வெயிலைத் தடுக்கும் கரித்தூள்) சேர்க்காத ஓடு சில ஆண்டுகளில் மேல்பரப்பு வெளிறிப் பொடியாக உதிரும், அந்தப் பொடி மழைநீரோடு உங்கள் ஓடைக்கே திரும்பிப் போகும்.

வழுக்கலுக்குக் காரணம் அச்சு. கண்ணாடி போன்ற அச்சில் அழுத்தினால் கண்ணாடி போன்ற ஓடுதான் வரும்.

தாண்டிக்குடிக் காப்பி எழுதுகிறார்:

அம்மா, நாங்கள் நான்கு பேர் பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இதே வேலையில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். எங்கள் இயந்திரம் இப்போது தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. எது எது தவறியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கழுவுவது எளிது, காயவைப்பதுதான் மலையில் நடக்காத காரியம். ஆனி, ஆடியில் மூடுபனி இறங்கிவிட்டால் கொடியில் போட்ட வேட்டியே மூன்று நாள் காயாது. உள்ளும் புறமும் ஒட்டிக்கொண்ட பால் கவர் எப்படிக் காயும்? வெயில் அடிக்கும் மார்கழி, தை மாதங்களிலோ காப்பிப் பழம் களத்தை அடைத்துக்கொள்கிறது. பொறுமை இழந்து அரை ஈரத்தோடு ஒருமுறை இயந்திரத்தில் விட்டோம். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிப் புடைத்து, அச்சைத் திறந்தபோது ஓடு ஆப்பத்தின் நடுவைப் போலத் துளைத் துளையாக இருந்தது. கையில் எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினால் பிட்டு போல உடைந்தது. மணலும் அப்படித்தான். காய்ந்தது போலத் தெரியும் எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணலை) வாணலியில் வறுத்துப் பாருங்கள், எவ்வளவு ஆவி கிளம்புகிறது என்று தெரியும்.

அடுத்தது, கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும் கட்டிய பிளெக்ஸ் பேனர்கள். பெரிதாக, சுத்தமாக, இலவசமாகக் கிடைக்கின்றன என்று மகிழ்ந்து நறுக்கிப் போட்டோம். பிளெக்ஸ் என்பதே பி.வி.சி. பூசிய துணி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கால்மணி நேரத்தில் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை; என் பங்காளி ஒருவர் இரண்டு நாள் இருமிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தேறிய ஓடுகளைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கு ஏறும் சரிவுப் பாதையில் நன்கொடையாகப் பதித்தோம், படமெல்லாம் எடுத்தார்கள். அடுத்த மழைக்குப் பாசி பிடித்து இரண்டு பிள்ளைகள் சறுக்கி விழ, நாங்களே கடப்பாறை கொண்டுபோய்ப் பெயர்த்து எடுத்தோம். உங்கள் மாமியார் தூணைப் பிடித்தது நல்லதாயிற்று.

இணையத்தில் தகர டிரம்மை அடுப்பில் ஏற்றிக் கட்டையால் கிளறி உருக்குகிற படங்கள் வருகின்றன. குழுப் பெண்கள் யாரும் அதைப் பார்த்துச் செலவைக் குறைக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சூடு எவ்வளவு என்று தெரியாமல் உருக்குவதும் எரிப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே தண்டம் விதித்திருக்கிறது.

வைகைக்கரைப் பொறியாளர் எழுதுகிறார்:

ஓட்டையே பிடித்துக்கொண்டு நிற்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் அது உருகி ஜல்லிக்குப் பூச்சாகிவிடும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டி, 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக்கையும் கல்லையும் சேர்த்துப் பிளாஸ்டோன் என்ற கட்டையைச் செய்தவரும் அவரே. சாலை முறைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2013-இல் வழிகாட்டி நூலே வெளியிட்டுவிட்டது. பி.வி.சி. அங்கேயும் ஆகாது. மற்றபடி, ஓட்டுக்குத் தேவைப்படும் அழகும் அளவும் சாலைக்குத் தேவையில்லை. நீங்கள் துருவி மூட்டை கட்டிக் கொடுத்தால் சாலைப் பணிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

தேயிலைக்காடு (கோத்தகிரி) எழுதுகிறார்:

ஐயாமார்கள் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. சாலையைப் பற்றிச் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஊர்ச் சாலையை எப்போது, யார், எந்தத் தாரில் போடுவார்கள் என்பது எங்கள் கையில் இல்லை. கூடத்து முற்றம் எங்கள் கையில் இருக்கிறது.

தாண்டிக்குடி ஐயா எழுதியதைக் குழுவில் வாய்விட்டுப் படித்தேன். பிளெக்ஸ் பேனர் என்றதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஏனெனில் எங்கள் மூட்டைகளில் நான்கு பேனர் இருந்தன. அவற்றைத் தனியே எடுத்துவிட்டோம். பெயரும் முத்திரையும் அச்சிடாத பிளாஸ்டிக்கில் எது என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதத்தில் நாங்கள் சேர்த்தது எல்லா வகையும் கலந்து ஒன்பது சாக்கு. நிறுத்துப் பார்த்தால் 70 கிலோகூட வரவில்லை. 600 கிலோவுக்கு எங்கே போவது?

குன்னூர் தரம்பிரிப்பு எழுதுகிறார்:

அக்கா, நான் குப்பை பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். குன்னூரில் நகராட்சிக் குப்பை சேரும் இடத்துக்குப் பெயரே ஓட்டுப்பட்டறை என்பதால், இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்களுக்குக் கையும் காதும்தான் சோதனைக் கருவிகள். பையைக் காதருகே கசக்குங்கள். சத்தமே இல்லாமல் மெத்தென்று மடங்கி, இழுத்தால் ஜவ்வு போல நீண்டால் அது மெல்லிய பாலிதீன்; சரசரவென்று காய்ந்த வாழைச் சருகு போலச் சத்தம் போட்டு, இழுத்ததும் நீளாமல் கிழிந்தால் அதைத் தனிச் சாக்கில் போடுங்கள். கெட்டிப் பிளாஸ்டிக்காக இருந்தால் சிறு துண்டாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, காற்றுக் குமிழி ஒட்டாமல் ஒருமுறை அமுக்கி விடுங்கள். பாலிதீனும் பாலிபுரோப்பிலினும் தண்ணீரைவிட இலேசு என்பதால் மேலே வந்துவிடும், பி.வி.சி.யும் பாட்டில் வகையும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூழ்கியது எதுவும் ஓட்டுக்கு வேண்டாம். தெர்மாகோல் மட்டும் காற்றடைத்ததால் மிதந்து ஏமாற்றும், ஆனால் அதை யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

சரக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஓடைப் பள்ளத்தை விட்டுவிட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். பள்ளத்தைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பொட்டலத்தைத் தேடிக் காட்டெருமைகள் மூட்டையைக் கிழிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அங்கே கிடைப்பது மட்கியும் கலந்தும் போன சரக்கு. அதைக் கட்டாகக் கட்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புவதே முறை; 1,400 பாகைக்கு மேல் எரியும் அந்தச் சூளைக்குத்தான் அதைச் செரிக்கும் வயிறு இருக்கிறது.

கொய்மலர் வளர்க்கும் பசுமைக்குடில்களின் மேல் விரிக்கும் தாள் 200 மைக்ரான் கனமுள்ள பாலிதீன். ஒரு சதுர மீட்டர் ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். 1,000 சதுர மீட்டர்க் குடிலுக்குக் கூரையும் பக்கமும் சேர்த்து 1,400 சதுர மீட்டர் தாள் வேண்டுமென்றால், அதை மாற்றும்போது ஒரே இடத்தில் 250 கிலோ ஒரே வகைச் சரக்கு கிடைக்கிறது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், பழைய தாளை என்ன செய்வது என்று தெரியாமல் மூலையில் சுருட்டி வைத்திருப்பார்கள். தேயிலை நாற்றுப் பையும் பாலிதீன்தான், ஆனால் ஒன்று இரண்டு கிராம்தான் தேறும், உள்ளே ஒட்டிய மண் அதைவிடக் கனம்; பத்தாயிரம் பையைக் கழுவினால்தான் இருபது கிலோ. அந்தக் கூலிக்கு அது ஒத்துவராது. டீக்கடைப் பால் கவர் அப்படியன்று. கடைக்காரர் ஒரு பக்கம் முழுதாக வெட்டித் திறந்து, அலசி, கம்பியில் குத்தி அடுப்புப் பக்கமாகத் தொங்கவிட ஒப்புக்கொண்டால், உலர்த்தும் வேலையும் அங்கேயே முடிந்துவிடும்.

காரமடைப் பட்டறை எழுதுகிறார்:

குன்னூர்த் தம்பி சொன்ன பசுமைக்குடில் தாள் எனக்கும் புதிய செய்தி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையில் பிடித்து மடித்தால் அப்பளம் போல உடைகிற அளவுக்கு வெயிலில் நைந்துபோன தாளைத் தனியாக ஓட்டாமல், பால் கவர் போன்ற புதுச் சரக்கோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும்.

இயந்திரத்தை மலையில் வைப்பதா, கீழே வைப்பதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே அழுத்தினால் ஒரு டன் ஓட்டுக்கு 700 கிலோ எம்-சாண்ட் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஏற வேண்டும். கீழே அழுத்தினால் 300 கிலோ பிளாஸ்டிக் இறங்கி, ஒரு டன் ஓடு ஏற வேண்டும். ஆக லாரி வாடகையில் மேலே வைப்பதுதான் சற்று இலாபம், இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த இலாபத்துக்காக மும்முனை மின்சாரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சியாளராகப் பதிவு, மலைப்பகுதிக்கு உரிய கட்டட அனுமதி என்று பன்னிரண்டு பெண்கள் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும். அத்தனையும் முடிந்து ஆறு மாதம் மூடுபனியில் இயந்திரம் சும்மா நிற்கும். பதிவு உள்ள எந்தப் பட்டறையிலும் கூலிக்கு அழுத்திக் கொடுப்பார்கள், என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. எங்கே கொடுத்தாலும் உங்கள் சரக்கைத் தனியே ஓட்டச் சொல்லி, ஒருவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

தேயிலைக்காடு (கோத்தகிரி) எழுதுகிறார்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இயந்திரத்துக்குக் கடன் வாங்குவதில்லை என்று குழுவில் முடிவாகிவிட்டது. எங்கள் ஊருக்கு மேலே கொய்மலர் வளர்த்த ஒருவர், பழைய தாளை எடுத்துச் சென்றால் போதும் என்று சாவியையே கொடுத்துவிட்டார். உறுப்பினர்கள் ஐந்து பேர் போய்ப் பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, அவருடைய காலிக் குடிலின் கம்பிகளிலேயே போட்டு உலர்த்தினோம். உலர்ந்த பின் 190 கிலோ நிற்கிறது. ஐந்து டீக்கடைகளில் பால் கவருக்குக் கம்பி கட்டிவிட்டோம், ஒரு கடைக்காரர் மட்டும் ஈ மொய்க்கிறது என்று கழற்றிவிட்டார். மீதிச் சரக்கு சேரத் தை மாதம் ஆகிவிடும் போலிருக்கிறது.

முற்றத்தின் சமதரையில் மட்டும் ஓடு போடுவோம், வாசலிலிருந்து இறங்கும் சரிவுக்குப் பழையபடி கருங்கல்லே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. வழுக்காமல் இருக்க அச்சில் வரி எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும்? விசேஷ நாள்களில் அதே முற்றத்தில்தான் விறகடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், அதற்கு என்ன செய்வது?

காரமடைப் பட்டறை எழுதுகிறார்:

வரி மூன்று மில்லிமீட்டர் ஆழம் இருக்கட்டும், ஒரே திசையில் ஓடாமல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கட்டும். அழுத்துவதற்கு முன் அச்சின் அடியில் ஒரு கைப்பிடி பருமணலைத் தூவச் சொன்னால் மேல்பரப்பு சொரசொரப்பாக வரும். வெயிலில் இந்த ஓடு சிமெண்ட் கல்லைவிட அதிகம் விரியும் என்பதால் ஓட்டுக்கு ஓடு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மணல் நிரப்புங்கள், சிமெண்ட் பால் ஊற்ற வேண்டாம். விறகடுப்பு இதன்மேல் கூடவே கூடாது. எரியும் கொள்ளி விழுந்தால் ஓடும் சேர்ந்து எரியும். அடுப்பு வைக்கும் மூலையில் ஆறடிக்கு ஆறடி அளவு ஓடு பதிக்காமல் விட்டு, அங்கே கருங்கல்லைப் பரப்பிவிடுங்கள். அந்த 36 சதுர அடி குறைந்தால் 40 கிலோ பிளாஸ்டிக்கும் மிச்சம்.